அடுத்த வீட்டுக்குப் போகவிருந்த பெட்டி

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் பத்து ஆண்டுகளின் நடுவில், ஒரு நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் என்கிற பழைய நிலக்கரி நகரத்தில் நாங்கள் அப்போது குடியிருந்தோம். இப்போதும் அதே வீடுதான். நவம்பர் வந்தால் இங்கே வானம் கழுவாத சட்டியின் அடிபோல இருக்கும். பகல் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. அந்த மாதத்தில் நல்லது ஏதும் நடக்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அன்றும் எதிர்பார்க்கவில்லை.

நான் வீட்டிலிருந்தபடி சேலைக்குப் பிளவுஸ் தைப்பவளாக இருந்தேன். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடுகிற சாமத்திய வீடு எது நடந்தாலும் துணி என் வீட்டுக் கதவைத் தட்டும். இவர் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். இவர் என்று சொன்னால் அது என் கணவர்; பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இந்த வயதில் புதிதாகப் பழகவும் போவதில்லை. எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் காரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நீலச் சட்டை போட்ட ஒருவர் காரை மேலே தூக்கி, அடியில் நின்று தட்டிப் பார்ப்பார், பிரேக்கை அழுத்திப் பார்ப்பார், விளக்குகளைப் போட்டுப் பார்ப்பார். எல்லாம் சரியென்றால் பின் இலக்கத் தகட்டில் வட்டமான ஒரு வில்லையை ஒட்டுவார். அதற்குப் பிளக்கெற் என்று பெயர். பெரிய குறை இருந்தால் பிளக்கெற் கிடையாது, திருத்திக்கொண்டு திரும்ப வரவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. சின்னக் குறைகள். கண்ணாடி துடைக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது, இலக்கத் தகட்டு விளக்கு மங்கல் என்று தாளில் ஒரு வரி, இரண்டு வரி எழுதுவார்கள். கெதியாகத் திருத்திக்கொள் என்று சொல்லிவிட்டுப் பிளக்கெற்றை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். திருத்தினாயா என்று ஒருவரும் வந்து பார்க்க மாட்டார்கள்.

ஜெர்மன்காரர் அந்தத் தாளை மடித்துக் காருக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இலங்கையிலிருந்து வந்த எங்கள் தமிழ் ஆண்களால் அது முடியாது. அவர்களுக்கு அது பிள்ளையின் பள்ளிக்கூட ரிப்போர்ட் மாதிரி. குறைக்கு இங்கே மெங்கல் என்று சொல்வார்கள். சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள் கூடினால், வேலை எப்படி, ஊரில் அம்மா எப்படி என்று கேட்பதற்கு முன்னாலேயே, "எத்தினை மெங்கல்?" என்றுதான் கேட்பார்கள். ஒரு மெங்கலும் இல்லாமல் தாள் வாங்கியவர் அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்.

இவருக்கு முந்திய தடவை ஒரு வரி விழுந்துவிட்டது. காரில் இருந்த முதலுதவிப் பெட்டியின் பயன்படுத்தும் காலம் முடிந்துவிட்டதாம். இங்கே எந்தக் காரிலும் அந்தப் பெட்டியும், சிவப்பு முக்கோணமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கார் முழுவதும் சரி, பெட்டி மட்டும் பழசு என்று எழுதிவிட்டார்கள். எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணை அதைக் கேள்விப்பட்டு, கடைக்குள் நாலு பேர் நிற்கும்போது, "என்ன தம்பி, உம்மட காருக்குக் காயம் பட்டாக் கட்டத் துணியில்லையாமே?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அரிசி மூட்டையைத் தொப்பென்று போட்ட விதத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பொதுப் பெட்டி வந்தது. யோசனை கடைக்கார அண்ணையுடையது. எங்களுக்குள் இப்படிப் பல பொருட்கள் பொதுவாக இருந்தன. சாமத்திய வீட்டுக்குச் சோறு அவிக்கிற பெரிய கிடாரம் ஒன்று, ஒரு சோடிக் குத்துவிளக்கு, நிறைகுடம் வைக்கிற பித்தளைத் தட்டு. யார் வீட்டில் விசேஷமோ அந்த வீட்டுக்கு அவை போகும், முடிந்ததும் கழுவித் துடைத்து அடுத்த வீட்டுக்குப் போகும். அதே வழியில், காலம் முடிந்த பழைய பெட்டிகளை எறிந்துவிட்டு, புதிதாக ஒரு முதலுதவிப் பெட்டியும் முக்கோணமும் வாங்கினார்கள். யாருடைய காருக்குச் சோதனை வருகிறதோ அவர் வாங்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஆளுக்கொன்று வாங்க வக்கில்லாமல் இல்லை. பகிர்ந்து வைத்துக்கொள்வது எங்களுக்குக் கைவந்த பழக்கம், அதைச் செய்வதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

பெட்டி கறுப்பு நிறம், மேலே வெள்ளைச் சிலுவை. கடையில் வாங்கியபடியே கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் உறை போட்டிருந்தது. அந்த உறையைப் பிரிக்கக்கூடாது என்பது தானாகவே ஒரு சட்டமாகிவிட்டது. பிரித்தால் உள்ளே ஏதாவது குறையும், குறைந்தால் அடுத்தவருடைய தாளில் வரி விழும். ஒரு கோடையில் பூங்காவில் எல்லாருமாக இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை விழுந்து முழங்காலை உரசிக்கொண்டது. யாரோ காரிலிருந்த அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். நான்தான் பாய்ந்து போய், "அதை உடைக்காதேங்கோ, வாற கிழமை ஆருக்கோ ரெர்மின் இருக்கு" என்று தடுத்தேன். சோதனைக்குக் குறித்து வாங்குகிற நாளுக்கு இங்கே ரெர்மின் என்று பெயர். கோப்பித்தூளை அப்பிப் பேப்பர் கைக்குட்டையால் பிள்ளையின் காலைக் கட்டினோம். எல்லாரும் நான் செய்தது சரியென்றுதான் சொன்னார்கள்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் எங்கள் காரின் முறை வந்தது. பெட்டியும் முக்கோணமும் எங்கள் வீட்டுக்கு வந்தன. இவர் காரை உள்ளும் புறமும் கழுவி, பெட்டியைப் பின்பக்கத்தில் நடுவாக, பார்த்தவுடன் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"பெட்டியெல்லாம் சரியாம். பின் ரயரிலை பிடிச்சிட்டான், நாசமறுவான்."

பின் ரயர்கள் தேய்ந்து, சட்டம் சொல்கிற அளவை நெருங்கிவிட்டன என்று ஒரு வரி. மாற்றுங்கோவன் என்றேன். "பிளக்கெற் தந்திட்டான்தானே. பனி விழ முந்தி மாத்துவம்" என்றார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. சின்னக் குறை என்று அவர்களே எழுதிக் கொடுத்ததை நாங்கள் ஏன் பெரிதாக்க வேண்டும்?

பெட்டியை அன்றே காரிலிருந்து எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து, சப்பாத்து அலுமாரியின் மேல் தட்டில் பத்திரமாக வைத்தோம். காருக்குள் கிடந்தால் அழுக்காகிவிடுமாம். இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் அப்போது எங்களில் ஒருவருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

அடுத்த முறை கடைக்கார அண்ணையுடையது. அவருக்கு அந்த வாரத்தில் ரெர்மின். ஞாயிற்றுக்கிழமை டோர்ட்முண்டுக்கு அப்பால் ஒரு கிராமத்து மண்டபத்தில் சாமத்திய வீடு, அங்கே அவரும் வருவார், கையிலேயே கொடுத்துவிடலாம் என்று பெட்டியையும் முக்கோணத்தையும் ஒரு பையில் போட்டுக் காரின் பின்பக்கத்தில் வைத்தேன். வைத்தது நான்தான். பக்கத்தில் மாற்றுடுப்புப் பை, பலகாரத் தட்டு. சாமத்தியப் பிள்ளையின் தாய்க்குத் தைத்த பட்டுப் பிளவுஸ் மடிப்புக் கலையக்கூடாது என்று மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் பிள்ளைகள் அன்று பள்ளிக்கூடச் சோதனைக்குப் படிக்க இருக்கிறது என்று வரவில்லை. அந்த ஒன்றுக்கு இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

பெரிய வீதியை விட்டு இறங்கி வயல்களுக்கு நடுவே போகிற ஒரு சின்ன வீதியால் போனோம். இரண்டு பக்கமும் மரங்கள். தூறல். உதிர்ந்த இலைகள் நனைந்து வீதியோடு ஒட்டிக் கிடந்தன. இவர் வேகமாக ஓடவில்லை, அதை நான் எங்கேயும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஒரு வளைவில் காரின் பின்பக்கம் மெதுவாக, யாரோ பிடித்து இழுத்த மாதிரி, ஒரு பக்கமாகப் போனது. இவர் ஸ்ரேறிங்கைத் திருப்பினார். கார் திரும்பவில்லை. என் பக்கத்துக் கதவு ஒரு மரத்தில் போய் மோதியது.

பெரிய சத்தம், பிறகு சத்தமே இல்லை. கண்ணாடித் துடைப்பான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. என் வலது கை சூடாக இருந்தது. குனிந்து பார்த்தேன். கதவு உள்ளே மடங்கி, அதன் தகரம் முழங்கைக்குக் கீழே உட்பக்கத்தைக் கிழித்துவிட்டிருந்தது. இரத்தம் வழியவில்லை, விட்டு விட்டுப் பாய்ந்தது. முதலில் எனக்கு வந்த கவலை பட்டுப் பிளவுஸ் பற்றியது.

இவர் தன் பக்கத்துக் கதவால் என்னை இழுத்து எடுத்துப் புல்லில் கிடத்தினார். அவருக்கு நெற்றியில் சின்னக் கீறல்தான். கைத்தொலைபேசியில் அவசர உதவிக்கு அடித்தார். எந்த வீதி என்று கேட்டார்கள். அவருக்கு வீதியின் பெயர் தெரியவில்லை. மரம், வயல், மரம், வயல் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவழியாக, கடைசியாகத் தாண்டிய ஊரின் பெயர் நினைவு வந்து சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டு, காருக்குள் என் இருக்கையில் கிடந்த பிளவுஸை எடுத்து வந்து என் கையில் சுற்றினார்.

"இஞ்சேரும், என்னைப் பாரும். கண்ணை மூடாதேயும்."

பட்டு இரத்தத்தைச் சட்டென்று உறிஞ்சாது. தைக்கிறவள் எனக்கு அது தெரியும். சொல்ல நினைத்தேன், நாக்கு எழும்பவில்லை. இரத்தம் பட்டின் மேலால் வழுக்கிக்கொண்டு போனது. அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். ஓடிப்போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். நான் புல்லில் கிடந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது மாற்றுடுப்புப் பையில் இருந்த துவாய். அதற்கு மேலே பெட்டி இருந்த பை விழுந்து கிடந்தது. அவர் அதைத் தூக்கி, பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் பக்குவமாக நிமிர்த்தி வைத்துவிட்டு, துவாயை எடுத்துக்கொண்டு வந்தார்.

நானும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

துவாயும் சிறிது நேரத்தில் நனைந்துவிட்டது. அவர் கட்டத் தெரியாமல் கட்டினார். இந்த நாட்டில் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் முதலுதவிப் பாடத்துக்குப் போகவேண்டும். இவரும் வந்த புதிதில் போனவர்தான். மொழி விளங்காமல் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ரப்பர் பொம்மைக்கு மூச்சுக் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது என்று அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். எனக்குக் குளிர ஆரம்பித்தது. மரக்கிளைகள் தூரத்தில் போய்விட்ட மாதிரி இருந்தன. நான் போய்விடுவேன் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தேன். பயம் என்று சொல்ல முடியாது, பெரிய கவலையாக இருந்தது. வீட்டில் பிள்ளைகள் இருவரும் பாடம் படித்துக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்தேன்.

வயல் பக்கமிருந்து ஒரு நாய் குரைத்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண்மணி ஓடிவந்தார். ஐம்பது வயது இருக்கும், முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து, நனைந்த தலைமயிர். நாயோடு நடக்கப் போனவர் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். என் கையைப் பார்த்தவுடனே இவரிடம், முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்டார்.

இவர் இல்லை என்றார். எங்களிடம் இல்லை என்று, தெளிவான ஜெர்மன் மொழியில், தலையை ஆட்டிச் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய முகத்தை நான் பார்த்தேன். கட்ட ஒரு துணி கிடைக்குமென்றால் அதற்காகத் தன் தோலையே உரித்துத் தருவார் போல நின்ற மனிதன் அவர். அவருடைய மனதில் எங்களுக்கு முதலுதவிப் பெட்டி இல்லை. அவ்வளவுதான்.

அந்தப் பெண்மணி திறந்து கிடந்த பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சிலுவை பைக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. நேரே போய் எடுத்தார். உறை விரலுக்குப் பிரியவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தார். அந்தப் பிளாஸ்ரிக் கிழிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த சொற்களும் மறக்கவில்லை. அதுவரை எழும்பாத நாக்கு அதற்கு மட்டும் எழும்பியது.

"ஐயோ, உடைக்கிறா... அண்ணைக்கு என்ன சொல்லுறது?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒரு மனிதனின் முகம் அப்படி விழுந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அந்தப் பெண்மணிக்கு எங்களைப் பார்க்க நேரமில்லை. பஞ்சு வைத்த ஒரு தடித்த கட்டைக் காயத்தில் வைத்து, அதற்கு மேல் இன்னொரு சுருளை அப்படியே விரிக்காமல் வைத்து அழுத்தி, இறுக்கிச் சுற்றினார். இவரிடம் என் கையைக் கொடுத்து, மேலே தூக்கிப் பிடி, விட்டாயென்றால் பார் என்று அதட்டினார். பெட்டிக்குள் இருந்த பொன் நிறத் தகடு போன்ற போர்வையால் என்னை மூடினார். பிறகு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு வளைவுக்கு ஓடினார். அந்தப் பெட்டிக்குள் இவ்வளவு இருந்தது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். எத்தனையோ வீடு சுற்றி வந்த பெட்டி, ஒரு வீட்டாரும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

அம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் கட்டை அவிழ்க்கவில்லை, அதற்கு மேலேயே இன்னொன்று சுற்றினார்கள். யார் கட்டியது என்று கேட்டார்கள். அதற்குள் அந்தப் பெண்மணி கிழித்த பிளாஸ்ரிக்கையெல்லாம் பொறுக்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாயைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு முறை அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இரத்தம் போயிருந்தால் என்று டொக்டர் தொடங்கி, மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். உயிர் தப்பியது. ஆனால் தகரம் நரம்பை அறுத்திருந்தது. மோதிர விரலும் சின்ன விரலும் மடங்கியபடி நின்றுவிட்டன. அவை நிமிரவில்லை, சூடும் குளிரும் தெரியவில்லை. பயிற்சி செய்யச் செய்ய வரும் என்றார்கள். கொஞ்சம் வந்தது. ஊசி பிடிக்கிற அளவுக்கு வரவில்லை.

கடைக்கார அண்ணை என்னைப் பார்க்க வந்தார். மனைவி கொடுத்துவிட்ட இடியப்பமும் சொதியும் கையில் இருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எந்த இடத்திலும் வாய் ஓயாத மனிதர். என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்து அதைச் சொன்னார்.

"தங்கச்சி, அந்தப் பெட்டியைப் பற்றி ஒண்டும் யோசிக்காதேங்கோ. எனக்குப் பிளக்கெற் தந்திட்டாங்கள். பெட்டி இல்லையெண்டு ஒரு வரி எழுதினவன், அவ்வளவுதான்."

ஒரு வரி. பிளக்கெற்றுக்கு அது தடையே இல்லை. எங்களுக்கு அது முன்னாலேயே தெரியும். இவருக்கும் அப்படித்தான் தந்தார்கள். தெரிந்திருந்தும், அந்த ஒரு வரிக்காகத்தான் ஒரு பெட்டியை வீடு வீடாகச் சாமி மாதிரித் தூக்கிக்கொண்டு திரிந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி அது அழுகையாகிவிட்டது. அண்ணை பயந்துபோய்த் தாதியைக் கூப்பிட ஓடினார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு இவர் பேசுவது குறைந்துவிட்டது. முன்பெல்லாம் வேலையால் வந்தால் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் தொழிற்சாலைக் கதை முழுவதும் வந்துவிடும். இப்போது கோப்பையைக் கையில் வைத்தபடி இருப்பார். என் கையைப் பார்க்க மாட்டார். தைக்கும் மெசினைத் துணியால் மூடி வைத்திருந்தேன், அதையும் பார்க்க மாட்டார். பெண்கள் தொலைபேசியில் எப்போது திரும்பத் தைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சக் காலத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விசேஷங்கள் எனக்காகக் காத்திருக்காது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் கேட்டார்.

"நான் ஏன் இல்லையெண்டனான்?"

"என்னைக் கேட்டிருந்தாலும் நான் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன்" என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான். அது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை. எனக்கும்தான்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அந்தப் பெண்மணியைத் தேடிப் போனோம். கேக்கும் வடையும் செய்து எடுத்துக்கொண்டு போனோம். இடது கையால் மாவு தட்டியதில் வடைகள் ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. அந்த மரத்தில் எங்கள் கார் உரித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்துப் பண்ணை வீட்டில் நாய் குரைத்ததிலேயே வீடு தெரிந்துவிட்டது. அவர் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். நான் நன்றி சொல்லச் சொல்ல வெட்கப்பட்டுக் கையை வீசினார். என் விரல்களைத் தன் கையில் எடுத்துப் பார்த்தார். வடை ஒன்று சாப்பிட்டு, இன்னொன்றும் எடுத்தார். புறப்படுகிற நேரத்தில் இவரைப் பார்த்து, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவர் கேட்கிற மாதிரிக் கேட்டார். அன்று நீங்கள் ஏன் இல்லை என்று சொன்னீர்கள்?

 கிடாரத்தையும் குத்துவிளக்கையும் எந்த மொழியில் சொல்வது? மெங்கல் விழுந்ததற்கு ஒரு கடைக்குள் நாலு பேர் சிரித்ததை எப்படிச் சொல்வது? கடைசியில் இவர், அது சோதனைக்காக வைத்திருந்தது என்று மட்டும் சொன்னார்.

சோதனைக்காகவா என்று அவர் திருப்பிக் கேட்டார். இவர் ஓம் என்று தலையாட்டினார். அந்தப் பெண்மணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டு, பார்த்துப் போங்கள், வீதி வழுக்கும் என்றார்.

திரும்பி வருகிற வழியில் இவர் ஒரு கடை வாசலில் காரை நிறுத்தினார். அது தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கிய வேறொரு பழைய கார். உள்ளே போய் ஒரு முதலுதவிப் பெட்டியோடு வந்தார். காருக்குள் ஏறவில்லை. மழையில் நின்றபடியே அதன் பிளாஸ்ரிக் உறையைப் பிய்த்தார். பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மூடிப் பின்பக்கத்தில் வைத்தார். 

அந்தப் பொதுப் பெட்டிப் பழக்கம் எங்கள் ஆட்களிடம் அத்தோடு நின்றது. எல்லாருக்கும் ஞானம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெட்டி உடைந்துவிட்டது, அதனால் நின்றது. கிடாரமும் குத்துவிளக்கும் இன்றைக்கும் வீடு வீடாகப் போய் வருகின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் இவர் காரைக் கொண்டுபோகிறார், தாளோடு வருகிறார். அதில் எத்தனை வரி இருக்கிறது என்று அவர் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. ரயர் என்று ஒரு சொல் இருந்தால் மட்டும், வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்.

என் விரல்கள் இரண்டும் மடங்கியபடியே இருக்கின்றன, நவம்பர் வந்தால் கை முழுவதும் வலிக்கிறது. அக்கம்பக்கத்தில் யாராவது வந்து, இது உங்களிடம் இருக்கிறதா என்று ஏதாவது ஒன்றைக் கேட்டால், இல்லை என்ற சொல் வாய்க்கு வந்த பிறகும், நான் ஒருமுறை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்கிறேன்.